அப்பா பேரில் ஒரு ஆல்பம், அம்மா பேரில் ஒரு ஆல்பம்: எம்.ஐ.ஏ. பாட்டுக்கு ஊர் எது?

வெண்ணாற்றங்கரை | தஞ்சாவூர் | திங்கள் இரவு 9.40

நேற்று கும்பகோணத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பந்தியில் எனக்குப் பக்கத்து இலை நம் குடந்தை கீபோர்டு அண்ணன். ரசம் வரும்போது ஆரம்பித்த வாக்குவாதம் பீடா போட்ட பிறகும் ஓயவில்லை. ஜெனரேட்டர் சத்தத்தில் பாதி காதில் விழவும் இல்லை. அதனால் இங்கே கொண்டுவந்து போடுகிறேன், எல்லாரும் சேர்ந்து பஞ்சாயத்து பண்ணுங்கள்.

விஷயம் எம்.ஐ.ஏ. என்கிற லண்டன் ராப் பாடகி மாதங்கி அருள்பிரகாசம். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1975-ல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போனவர். சண்டைக்கு நடுவே வளர்ந்து, இடையில் கொஞ்ச காலம் சென்னையிலும் இருந்து, 1986-ல் அகதியாகத் திரும்பவும் லண்டன். அம்மா தையல் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். அப்பா இயக்க அரசியலில் இருந்தார், வீட்டில் இருந்ததே அபூர்வம். மகள் 2005-ல் போட்ட முதல் ஆல்பத்தின் பெயர் 'அருளர்', அதாவது அப்பாவின் இயக்கப் பெயர். 2007-ல் வந்த இரண்டாவது 'கலா', அம்மா பெயர். அப்புறம்தான் 'மாயா', 'மாதங்கி' என்று தன் சொந்தப் பெயர்கள்.

என் கட்சி என்னவென்றால், புலம்பெயர்ந்த குடும்பத்தில் பிறக்காமல் இருந்தால் இந்தப் பாட்டில் ஒன்றுகூட வந்திருக்காது. 'பேப்பர் பிளேன்ஸ்' ஒன்றையே எடுங்கள். விசாவுக்கு அலைக்கழித்த கடுப்பில் பிறந்த பாட்டு. அதில் ஓடுகிற கிடார், தி கிளாஷ் என்ற ஆங்கிலேயக் குழு 1982-ல் போட்ட பாட்டிலிருந்து எடுத்தது. அந்தப் பழைய பாட்டும் குடியேறிகளைப் பற்றியதுதான். நடுநடுவே துப்பாக்கிச் சத்தம், கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம். வெளியிலிருந்து வந்தவன் என்றாலே நம்மைச் சுரண்ட வந்தவன் என்று நினைப்பவர்களைப் பார்த்து அடிக்கிற நக்கல் அது. 2008-ல் அமெரிக்கப் பட்டியலில் நாலாவது இடம் வரைக்கும் போனது. 'கலா'வில் முதல் பாட்டிலேயே 'தளபதி' படத்துக் 'காட்டுக்குயிலு' கேட்கும். 'பேர்ட் ஃப்ளூ'வில் உருமி மேளம். இதெல்லாம் வீட்டிலிருந்து வராமல் எங்கிருந்து வந்தது?

குடந்தை கீபோர்டு | கும்பகோணம் | திங்கள் இரவு 10.25

தம்பி, மண்டபத்தில் சொன்னதைத்தான் திரும்பச் சொல்கிறேன். அட்டையில் அப்பா பேரைப் போட்டால் உள்ளே இருக்கிற தாளம் அப்பாவுடையது ஆகிவிடாது. ஐயங்கார் பேக்கரி என்று போர்டு இருக்கும், உள்ளே முட்டை பஃப்ஸ் சுடச்சுட இருக்கும்.

'அருளர்' எதில் பிறந்தது தெரியுமா? ரோலண்ட் எம்சி-505 என்று ஒரு பெட்டி. தாளம், பேஸ், சிந்த் எல்லாம் அதிலேயே இருக்கும், பட்டனைத் தட்டித்தட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகலாம். எம்.ஐ.ஏ. படித்தது ஓவியமும் சினிமாவும். எலாஸ்டிக்கா என்ற குழுவோடு வீடியோ எடுக்க ஊர் ஊராகப் போன இடத்தில், பீச்சஸ் என்ற கனடாப் பாடகி இந்தப் பெட்டியை வைத்துத் தனியாளாக மேடையை ஆட்டிவைத்ததைப் பார்த்தார். அங்கே பிடித்ததுதான். அந்த ஆல்பத்தில் கேட்பது டான்ஸ்ஹால் என்கிற ஜமைக்கா இசை, பிரேசில் ஃபங்க், லண்டன் தெருப் பேச்சு. யாழ்ப்பாணத்து நாலு வீதியில் எந்த வீதியில் டான்ஸ்ஹால் ஓடியது?

இருபத்திரண்டு வருஷமாக மேடையில் வாசிக்கிறேன். என் பழைய யமஹாவில் ரெக்கே ஸ்டைலை அழுத்தினால் ரெக்கே வரும். எங்கள் வம்சத்தில் யாரும் சுவாமிமலையைத் தாண்டிப் போனதில்லை.

இன்னொன்று. அவரே பேட்டியில் சொன்னது: லண்டன் வந்த புதிதில் வீட்டு ரேடியோ களவு போய்விட்டது. அப்புறம் காதில் விழுந்ததெல்லாம் பக்கத்து வீட்டுப் பையன் போட்ட ஹிப்ஹாப், சுவர் வழியாக. ஆக, குரு யார்? பக்கத்து வீட்டுச் சுவர். குடும்பம் இல்லை.

போதாதென்றால் ஃபிரெடி மெர்க்குரியைப் பாருங்கள். சொந்தப் பெயர் ஃபரூக் பல்சாரா. பார்சி குடும்பம், பூர்வீகம் குஜராத், பிறந்தது 1946-ல் சான்சிபாரில், பள்ளிக்கூடம் நம் பஞ்ச்கனி. சான்சிபாரில் புரட்சி வெடித்ததும் 1964-ல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு ஓடி வந்தார்கள். புலம்பெயர்ந்த கதை என்றால் இதைவிடப் பெரிய கதை ஏது? பாட்டில் எங்கே பார்சி? எங்கே குஜராத்? தேடித்தேடி ஒரு 'பிஸ்மில்லா', ஒரு 'முஸ்தபா' கிடைக்கும்.

வெண்ணாற்றங்கரை | தஞ்சாவூர் | திங்கள் இரவு 10.41

அண்ணே, அந்தச் சுவருக்குப் பக்கத்தில் அவரைக் கொண்டுபோய் வைத்தது யார்? லண்டனில் மிட்சம் (Mitcham) என்கிற பகுதியில் அரசாங்கக் குடியிருப்பு அது. கையில் காசில்லாமல் அகதியாக வந்த தாய்க்கு ஒதுக்கிக் கொடுத்த வீடு. குடும்பப் பின்னணி என்றால் அம்மா தாலாட்டுப் பாடுவது மட்டும் இல்லையே.

நாகூர் கப்பல் | நாகூர் | செவ்வாய் காலை 7.15

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஃபஜ்ரு முடிந்து போனைத் திறந்தால் இங்கே கச்சேரியே நடக்கிறது.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், எந்தக் கட்சிக்குச் சாதகம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். என் பாட்டனார் 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போனவர். 1926-ல் கட்டிய கப்பல், 1970-கள் வரை ஓடியது. வாப்பா சிங்கப்பூரில் மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். கடிதம் எழுதச் சோம்பல்படுவார். கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புவார். அறுபது நிமிடக் கேசட். அரை மணி நேரம் பேசுவார்: கடை வாடகை, உம்மாவின் மூட்டு வலி, தங்கச்சி நிக்காஹ். அதற்குமேல் பேச விஷயம் இருக்காது. மிச்ச இடத்தை வீணாக்க மனசு வராமல் ரேடியோவுக்குப் பக்கத்தில் ரெக்கார்டரை வைத்துவிடுவார். அதனால் 'பி' பக்கம் முழுக்க மலாய்ப் பாட்டு. நடுவில் பாத்திரம் கழுவும் சத்தமும் பஸ் ஹாரனும் கேட்கும்.

எனக்கு ஒரு வார்த்தை அர்த்தம் தெரியாது. ஆனால் பி. ராம்லியின் நாலு பாட்டு இன்றைக்கும் ஒரு வரி விடாமல் பாடுவேன். பிற்பாடுதான் தெரிந்தது, அவரும் நம்மைப் போலத்தான் என்று. 1929-ல் பினாங்கில் பிறந்தவர், தகப்பனார் சுமத்ராவின் அச்சேயிலிருந்து கடல் தாண்டி வந்தவர். மலாய்க்காரர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற பாடகர். அவர் பாட்டில் லத்தீன் தாளம் இருக்கும், குரோஞ்சோங் என்கிற இந்தோனேசிய இசை இருக்கும், ஹிந்திச் சாயல் இருக்கும். 1950-ல் அவர் முதன்முதல் கதாநாயகனாக நடித்துச் சொந்தக் குரலில் பாடிய 'பக்தி' என்ற மலாய்ப் படத்தை இயக்கியது எல். கிருஷ்ணன், நம்ம தமிழர். அந்தக் கேசட்டில் ஓடியது யார் இசை என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

குடந்தை கீபோர்டு | கும்பகோணம் | செவ்வாய் காலை 8.02

பாய், படித்ததும் மனசு என்னவோ பண்ணியது. ஆனாலும் கட்சியை விட மாட்டேன். அது கேசட், பின்னணி இல்லை. அதே பாட்டைப் பர்மா பஜாரில் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் நீங்கள் பாடத்தான் செய்வீர்கள்.

நாகூர் கப்பல் | நாகூர் | செவ்வாய் காலை 8.10

வாங்கியிருந்தால் ஒரு தடவை கேட்டுவிட்டு வீசியிருப்பேன் சார். திரும்பத்திரும்பக் கேட்டது 'ஏ' பக்கத்துக்காக. அந்த ரெக்கார்டரில் ரீவைண்ட் பட்டன் வேலை செய்யாது. 'பி' பக்கத்தை முழுசாக ஓடவிட்டுத் திருப்பிப் போட்டால்தான் வாப்பா மறுபடியும் பேசுவார்.

ஐந்தாறு நதி | திருவையாறு | செவ்வாய் மதியம் 1.30

சின்னவர்கள் பேசுகிற இடத்தில் கிழவன் நுழைகிறேன், மன்னிக்கவும். லண்டன், சிங்கப்பூர் எல்லாம் போகிறீர்கள், நம் வாசற்படியில் இருப்பதை யாரும் சொல்லவில்லையே. தியாகராஜ சுவாமிகள் திருவாரூரில் 1767-ல் பிறந்து எங்கள் ஊரில் 1847-ல் சித்தியானவர். வீட்டுப் பெயர் காகர்லா, தெலுங்கு தேசத்துக் கிராமத்தின் பெயர். முன்னோர் அங்கிருந்து சோழ மண்டலத்துக்கு வந்தவர்கள். தலைமுறைகள் கடந்தும் வீட்டு மொழி தெலுங்கு. சுற்றிலும் தமிழ் ஊர், அவர் பாடியது தெலுங்கு.

அதைவிட நெருக்கமான உதாரணம் சியாமா சாஸ்திரிகள். காஞ்சிபுரத்தில் படையெடுப்பு பயம் வந்தபோது பங்காரு காமாட்சியம்மன் விக்கிரகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அர்ச்சகர் பரம்பரை. ஊர் ஊராக ஒளித்து வைத்துக் கடைசியில் தஞ்சை மேல ராஜ வீதியில் குடியேற்றினார்கள். அகதியாக வந்த அம்மன், அகதியாக வந்த குடும்பம். அந்த வம்சத்துப் பிள்ளை ஆயுசு முழுக்க அந்தக் காமாட்சியைத்தான் பாடினார். இனி குடும்பத்துக்கும் பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று யார் சொல்வது?

குடந்தை கீபோர்டு | கும்பகோணம் | செவ்வாய் மதியம் 2.15

ஐயா, நமஸ்காரம். உங்களோடு வாதாடுகிற தகுதி எனக்கில்லை, இருந்தாலும் ஒன்று. நாயக்கர் காலத்திலிருந்தே தஞ்சாவூர் அரண்மனையில் சங்கீதத்துக்குத் தெலுங்குதான் மொழி. மராட்டியர் வந்த பிறகும் அது மாறவில்லை. வித்வானாக வர நினைத்தவர்கள் அதில்தான் எழுதினார்கள். வீட்டு மொழியும் சபை மொழியும் ஒன்றாக இருந்தது சுவாமிகளின் பாக்கியம். எது காரணம் என்று எப்படிப் பிரிப்பது?

மூவரில் மூன்றாமவரை நீங்கள் விட்டுவிட்டீர்கள், வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன். முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது ஆங்கிலேயர் பேண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் போட்டார், நோட்டுஸ்வரம். ஆங்கிலேய ராஜ வாழ்த்தின் மெட்டில்கூட 'சந்ததம் பாஹிமாம்' இருக்கிறது. அவர் தாத்தா என்ன லண்டனிலிருந்தா வந்தார்? காது இருந்தது, கேட்டார். எம்.ஐ.ஏ.வும் அப்படித்தான்.

கூடுதலாக ஒரு தகவல், வெண்ணாற்றங்கரைத் தம்பிக்கு. 'பேர்ட் ஃப்ளூ'வில் எடுத்தாண்ட மெட்டு 2003-ல் வந்த 'ஜெயம்' படத்துத் திருவிழாப் பாட்டு. இசை ஆர்.பி. பட்நாயக். அவரும் தெலுங்கர்தான்! யாழ்ப்பாணத்து ரத்தம் கூப்பிட்டது என்று சொன்னீர்களே, அது ஹைதராபாத் வழியாகக் கூப்பிட்டிருக்கிறது.

ஐந்தாறு நதி | திருவையாறு | செவ்வாய் மதியம் 2.40

தீட்சிதரை விட்டது வேண்டுமென்றேதான். கண்டுபிடித்துவிட்டீர்.

கொட்டப்பட்டு தமிழினி | திருச்சி | செவ்வாய் இரவு 8.50

எல்லாரும் யாழ்ப்பாணம் யாழ்ப்பாணம் என்று கதைக்கிறீர்கள், அங்கிருந்து வந்தவள் ஒருத்தி இதை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். 1990-ல் படகில் வந்தோம், எனக்கு எட்டு வயது. முதலில் மண்டபம் அகதி முகாம், அப்புறம் திருச்சி கொட்டப்பட்டு முகாம். இப்போது கல்யாணமாகி இங்கேயே இருக்கிறேன்.

முதலில் தஞ்சாவூர் அண்ணாவுக்கு. உருமி எங்கள் வீட்டிலிருந்து வரவில்லை. சின்னனில் எங்கள் ஊர்க் கோயிலில் நான் கேட்டது தவிலும் பறையும் உடுக்கும். உருமியை முதன்முதலில் பார்த்ததே திருச்சிப் பக்கம் ஒரு மாரியம்மன் திருவிழாவில், பயந்து அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தேன். மாயா உருமியைப் பதிவு செய்தது சென்னைக்கு வந்து. அது பிறப்பிலே வந்த சொத்து இல்லை, தேடிவந்து எடுத்தது. வெள்ளைக்காரர் எழுதும்போது 'தமிழ் மேளம், ஆகவே அவரது வேர்' என்று முடித்துவிடுவார்கள். நீங்களுமா?

ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் காதில் உண்மையில் விழுந்தது என்ன தெரியுமா? இலங்கை வானொலி, பைலா, தமிழ்ச் சினிமா, ஹிந்தி டிஸ்கோ. 'கலா'வில் 'ஜிம்மி' என்று ஒரு பாட்டு இருக்கிறது, 'டிஸ்கோ டான்சர்' படப் பாட்டைத் திரும்பப் பாடியது. சின்ன வயதில் வீட்டு விசேஷங்களில் அந்தப் பாட்டுக்குத்தான் அவர் ஆடுவார். குடும்பத்திலிருந்து வந்தது என்றால் எனக்கு அதுதான் அசல். மெட்டு பம்பாய்க்காரருடையது. அதனால் என்ன?

இனி கும்பகோணத்து அண்ணாவுக்கு. அட்டையில் பேர் போட்டால் போதுமா என்று கேட்டீர்கள். அப்பா எங்கே இருக்கிறார் என்று தெரியாத வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பேர் என்னவென்று உங்களுக்கு விளங்காது. பேரைப் பார்த்தாவது அப்பா தன்னைத் தேடி வருவார் என்றுதான் வைத்தார். அப்பா தொடர்புகொண்டார், பேரை மாற்றச் சொல்லி. மகள் மாற்றவில்லை. அம்மா பேருக்கு அப்படி ஒரு சோலியும் இல்லை, அம்மா வீட்டிலேயே இருந்தார், தைத்துக்கொண்டு. 2019-ல் பிரிட்டிஷ் அரசு மாயாவுக்கு விருது அறிவித்தது. அந்தப் பதக்கங்களைக் கையால் தைக்கிற வேலையை அம்மா பல வருடம் செய்திருக்கிறார் என்று அப்போது மாயா சொன்னார். தாளம் எந்தப் பெட்டியில் அடித்தது என்பதை வைத்து நீங்கள் இதை அளக்கிறீர்கள்.

ஐந்தாறு நதி ஐயா, நாங்கள் உங்களிடமிருந்து எடுத்தது மட்டும் இல்லை, திருப்பியும் கொடுத்திருக்கிறோம். அளவெட்டித் தெட்சிணாமூர்த்தியின் தவில் உங்கள் பக்கத்துக் கோயில்களில் கேட்டிருப்பீர்கள்.

ஐந்தாறு நதி | திருவையாறு | செவ்வாய் இரவு 9.20

கேட்டிருக்கிறேன் அம்மா. விடியற்காலை மூன்று மணிக்கு, பனியில், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு. அவர் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த சுண்டல் வியாபாரி எழுந்து உட்கார்ந்தான்.

உருமி செல்வம் | ஒரத்தநாடு | செவ்வாய் இரவு 11.05

உருமி உருமி என்று இத்தனை தடவை எழுதியாயிற்று, அடிக்கிறவன் நான் ஒருத்தன் இருக்கிறேன். இப்போதுதான் ஒரு துக்க வீட்டு வேலை முடிந்து வந்தேன்.

வாத்தியத்தைப் பற்றி முதலில். ஒரு முகத்தில் நேர்க்குச்சியால் அடிப்போம். இன்னொரு முகத்தில் அடிப்பதே கிடையாது, வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்ப்போம். அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் வரும். கீபோர்டு அண்ணே, உங்கள் பெட்டியில் உருமி என்று ஒரு டோன் இருக்கும், கேட்டிருக்கிறேன். அடி வரும், உறுமல் வராது. தேய்க்கிற கையின் அழுத்தம் ஒவ்வொரு தடவையும் மாறும், அதைப் பட்டனில் எப்படி அடைப்பீர்கள்?

எங்கள் அப்பாயி கண்டிச் சீமையில் தேயிலை கிள்ளியவர். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு பண்ணினார்களே, அந்தக் கணக்கில் வந்த குடும்பம். தாத்தா தோட்டத்தில் காமன் கூத்துக்குத் தப்பு அடித்தவர். அவரிடம்தான் கை பழகினேன். இன்றைக்கும் ஊரில் எங்கள் வீட்டுக்கு 'சிலோன்காரர் வீடு' என்றுதான் பேர். ஆக எனக்கும் புலம்பெயர்ந்த பின்னணி இருக்கிறது, அதிலிருந்து வந்த இசையும் இருக்கிறது. யாராவது என்னிடம் வந்து 'உங்கள் அடையாளம் எப்படி உருவானது' என்று கேட்டிருக்கிறார்களா? எங்களுக்குப் பின்னணி என்றால் அதற்கு வேறு பேர். எந்தத் தெரு என்று கேட்பார்கள்.

ஒருமுறை சென்னையில் படப் பாட்டுக்கு ரெக்கார்டிங். எட்டுப் பேர் போனோம். முன்வாசலில் செக்யூரிட்டி வாத்தியத்தைப் பார்த்துவிட்டுப் பின்பக்கப் படிக்கட்டைக் காட்டினார். மூன்றாவது மாடி. அன்றைக்குக் கூலி கையில் கொடுத்தார்கள், நல்ல கூலிதான், பொய் சொல்லக் கூடாது. பாட்டு வெளிவந்தபோது பாடினவர், எழுதினவர், கிடார் வாசித்தவர் பேரெல்லாம் இருந்தது. எங்களுக்கு 'உருமி குழு'.

'என்ஜாய் எஞ்சாமி' 2021-ல் வந்தபோது எங்கள் வீட்டில் அப்பாயி படத்துக்கு முன்னால் போனை வைத்துப் போட்டோம். அதை எழுதிய அரக்கோணத்துக்காரர் அறிவு, அவருடைய பாட்டி வள்ளியம்மாளும் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பியவர். அதே வருஷம் ஒரு பெரிய இசைப் பத்திரிகை அட்டைப்படம் போட்டது. கூடப் பாடின தீ என்கிற பாடகி இருந்தார், கனடாவில் வளர்ந்த ராப்பர் ஒருவர் இருந்தார், இருவருக்கும் ஈழத்து வேர். எழுதிப் பாடின அறிவு இல்லை. சத்தம் கிளம்பிய பிறகுதான் அவருக்கும் ஒரு அட்டை வந்தது. வெளிநாடு போன பின்னணிக்கு ஒரு விலை, அரக்கோணத்துப் பின்னணிக்கு ஒரு விலை. இதைப் பற்றிப் பேசுங்கள், நானும் வருகிறேன்.

பொன்னி நிர்வாகி | செவ்வாய் இரவு 11.30

நடுவில் இயக்க அரசியல் பற்றி மூன்று பதிவுகள் வந்தன, எடுத்துவிட்டேன். அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். இங்கே பாட்டு.

குடந்தை கீபோர்டு | கும்பகோணம் | புதன் காலை 6.50

செல்வம், ராத்திரியே படித்தேன், உடனே பதில் எழுத வரவில்லை. உருமி டோன் விஷயத்தில் நீ சொன்னது நூற்றுக்கு நூறு. போன மாசம் அய்யம்பேட்டை கச்சேரியில் அதைத் தட்டினேன், முன்வரிசையில் ஒரு பெரியவர் சிரித்துவிட்டார்.

ஆனால் பார், நீ சொல்வது என் பக்கத்தைத்தான் பலப்படுத்துகிறது. பின்னணி என்பது இசைக்குள் இருக்கிற சரக்கு இல்லை, மேலே ஒட்டுகிற சீட்டு. யாருக்கு ஒட்டினால் விற்கும் என்று கம்பெனிக்குத் தெரியும். சுவிட்சர்லாந்தில் வளர்ந்த பிரியா ராகு 2021-ல் போட்ட தொகுப்புக்குப் பேரே 'டாம்ன் ஷீஸ் தமிழ்'. தயாரித்த அண்ணனின் மேடைப் பேர் 'ஜாஃப்னா கோல்டு'. பாட்டு அருமை, நானும் கேட்கிறேன், அது ஆர் அண்ட் பி. ஆனால் பேர் முழுக்க பயோடேட்டா.

கொட்டப்பட்டு தமிழினி | திருச்சி | புதன் காலை 9.15

அண்ணா, உங்கள் இசைக்குழு பேனரில் 'குடந்தை' என்று போட்டிருக்கிறீர்களே, அது பயோடேட்டா இல்லையா?

என் அக்கா மகள் சூரிச்சில் படிக்கிறாள். அந்தத் தொகுப்பு வந்த அன்று எனக்கு அனுப்பிவைத்தாள். அதுவரைக்கும் தமிழில் ஒரு வரி எழுதி அனுப்பாதவள். அந்தச் சீட்டு ஒட்டியது கம்பெனிக்காகவும் இருக்கலாம், அவளுக்காகவும் இருக்கலாம்.

கிள்ளான் மாமா மகன் | மன்னார்குடி (இப்போதைக்கு) | புதன் மதியம் 12.40

தாத்தா ஊரைப் பார்க்க வந்திருக்கிறேன், மன்னார்குடி வெயில் தாங்கவில்லை, ஆகவே உள்ளே உட்கார்ந்து உங்கள் சண்டையைப் படித்தேன். நான் மலேசியாவில் நாலாம் தலைமுறை. அங்கே எங்களை 'பெண்டாத்தாங்' என்று சிலர் சொல்வார்கள், வந்தேறி என்று அர்த்தம். இங்கே வந்தால் டீக்கடையில் 'மலேசியாக்காரர்'.

யோகி பி அண்ட் நட்சத்ரா 2006-ல் 'வல்லவன்' போட்டபோது நான் பள்ளிக்கூடம். 'மடை திறந்து' என்ற இளையராஜா பாட்டின் மேல் ராப். தமிழ்நாட்டில் அப்போது தமிழ் ராப் தனியாக ஒரு ஆல்பமாக ஓடும் என்று யாரும் நினைக்கவில்லை. ஏன் எங்களிடமிருந்து வந்தது? எங்கள் வீட்டில் தாத்தா தோட்டத்தில் ரப்பர் மரம் சீவின கதையைவிட வீடியோ கேசட்டில் வந்த ரஜினி படம்தான் அதிகம் ஓடியது. வெளியே போனால் இங்கிலீஷ் ராப். ரெண்டையும் சேர்த்ததில் பெரிய தத்துவமெல்லாம் இல்லை, ரெண்டும்தான் இருந்தது.

உருமி அண்ணனுக்கு ஒரு செய்தி. எங்கள் ஊரில் பையன்கள் உருமி மேளம் கட்டுவதற்கு அடித்துக்கொள்வார்கள். தைப்பூசத்துக்கு ஆறு மாசம் முன்னாலேயே பயிற்சி. எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. கடல் தாண்டும்போது அந்தக் கேள்வி தண்ணீரில் விழுந்துவிட்டது என்று சொல்ல ஆசை. முழுசாக விழவில்லை, கல்யாணம் பேசும்போது எழுந்து வந்துவிடும். ஆனால் மேளத்தில் இல்லை.

உருமி செல்வம் | ஒரத்தநாடு | புதன் மதியம் 1.05

தம்பி, ஊருக்குத் திரும்புவதற்கு முன் ஒரு நாள் ஒரத்தநாடு வா. தேய்க்கிற குச்சி ஒன்று தருகிறேன். நீங்கள் அங்கே எப்படி வளைக்கிறீர்கள் என்று பார்க்கணும்.

வெண்ணாற்றங்கரை | தஞ்சாவூர் | புதன் இரவு 9.00

இழையை ஆரம்பித்தவன் என்ற முறையில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். உருமி வீட்டிலிருந்து வந்தது என்று எழுதியது தப்பு. தமிழினி அக்காவுக்கு நன்றி.

ஆனால் குடந்தை அண்ணே, அது எப்படி வந்தது என்று பாருங்கள். 'கலா'வை அமெரிக்காவில் உட்கார்ந்து முடிக்கத்தான் திட்டம். 2006 வாக்கில் விசா கிடைக்காமல் இழுத்தது. அதனால் இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா என்று சுற்றிச் சுற்றிப் பதிவு பண்ணினார். விசா கிடைத்திருந்தால் சென்னைக்கு உருமி தேடி வந்திருப்பாரா? அருளரின் மகளாக இல்லாமல் இருந்தால் விசாவுக்கு அந்தப் பாடு பட்டிருப்பாரா?

குடந்தை கீபோர்டு | கும்பகோணம் | புதன் இரவு 9.12

அப்போ அட்டையில் தூதரக அதிகாரி பேரையும் போட்டிருக்கணும், இணை இசையமைப்பாளர் என்று.

சரி, ஒரு படி இறங்குகிறேன், ஒரே ஒரு படி. பின்னணி ஒருத்தரை எங்கே நிறுத்துகிறது, எந்தக் கதவைச் சாத்துகிறது என்பது வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். நின்ற இடத்தில் காதில் விழுந்ததை வைத்து என்ன செய்தார் என்பது அவர் கெட்டிக்காரத்தனம். டிப்ளோ என்ற அமெரிக்க டிஜே கூட வேலை செய்தார் என்பதற்காக எல்லாம் அவர் செய்தது என்று பத்திரிகைகள் எழுதியபோது எம்.ஐ.ஏ.வுக்குக் கோபம் வந்ததே, நியாயமான கோபம். 'எல்லாம் குடும்பம்' என்று நாம் சொன்னாலும் அதே கோபம்தான் வரும்.

வெண்ணாற்றங்கரை | தஞ்சாவூர் | புதன் இரவு 9.20

இந்தக் கடைசி வரிக்குப் பதில் யோசிக்க ரெண்டு நாள் வேண்டும்.

நாகூர் கப்பல் | நாகூர் | வியாழன் மாலை 5.40

நேற்று ராத்திரி பரணில் ஏறிப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பதினோரு கேசட் கிடைத்தது. நாலில் வாப்பா கையெழுத்தில் தேதி இருக்கிறது. டேப்பில் வெள்ளையாக என்னவோ பூத்திருக்கிறது. ரெக்கார்டர் எப்போதோ இரும்புக்கடைக்குப் போய்விட்டது. கீபோர்டு சார், உங்களிடம் டெக் இருக்குமா?

குடந்தை கீபோர்டு | கும்பகோணம் | வியாழன் மாலை 5.52

பாய், பூஞ்சை அது. எதிலும் போட்டு ஓடவிடாதீர்கள், அறுந்துவிடும். பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். என்னிடம் டபுள் டெக் இருக்கிறது, ஹெட் துடைக்க ஸ்பிரிட்டும் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன். நாளைக்குக் கொண்டுவாருங்களேன்.

நாகூர் கப்பல் | நாகூர் | வியாழன் மாலை 6.05

நாளைக்கு வெள்ளி, ஜும்மா. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். உம்மாவும் கூட வருவார்கள், மாடிப்படி அதிகம் இருக்குமா? 'பி' பக்கத்தை உங்களுக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக் கேளுங்கள். 'ஏ' பக்கம் ஓடும்போது மட்டும் கொஞ்சம் வெளியே இருங்கள் சார்.